விதைப்புலமும் புறவினமும்

குறிஞ்சித்திணையைப் பயின்ற மாணவர் எவரும் தினைப்புனங் காக்கும் மகளிரை மறவார். உயர்ந்த இதணத்தின்மேல் ஏறியிருந்து, தழல், தட்டை, குளிர் என்னுங் கருவிகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து ஓசையெழுப்பி, அவர் கிளி கடிந்தமையைக் கபிலர் தம் குறிஞ்சிப்பாட்டிற் கூறியுள்ளார். தட்டை என்பது மூங்கிலைப் பலவாகப் பிளந்து, தட்டுந்தோறும் ஒலிக்குமாறு அமைத்த கருவி என்பது உரையாற் போதரும். வள்ளிநாச்சியார் ஆலோலம் பாடிய கதையோ பட்டிதொட்டியெங்கும் இன்றும் கூத்தாக ஆடப்படுகின்றது. ஆயின், இவற்றிலெல்லாம் கள்வனாக வருவது பச்சைக்கிளியே. புறாவோ தன் துணையை அழைத்துக் குரல் கொடுக்கும் மென்பறவையாக வருமேயன்றி, விதை திருடுவதாக வருதல் அரிது. புறவு என்னும் ஒரு சொல்லே பறவைக்கும் முல்லைநிலத்துக்கும் பெயராய் நின்றது. புறாவின்பொருட்டுத் தன் தசையை அரிந்து துலையில் இட்ட சிபியின் வழியினர் என்பதாற் சோழர் செம்பியர் எனப் பெயர் பெற்றனர். இத்துணைப் பெருமை வாய்ந்த பறவையைக் கள்வன் என்று எழுதப் புகுவது சிறிது நாணந் தருவதே. எனினும் எழுதுதற்குக் காரணம் உண்டு.

யாம் கல்லூரியிற் பாடஞ் சொல்லுவதோடு, முன்னோர் வைத்துச் சென்ற ஓர் ஏக்கர் மானாவாரி நிலத்தையும் பார்த்து வருகின்றோம். சில ஆண்டுகளுக்கு முன், புரட்டாசியிற் பெய்த மழையை நம்பி அதில் உளுந்து தெளித்தோம். விதை எட்டுக் கிலோ. மேலாக ஓர் உழவு ஓட்டி மூடச் செய்தோம். அவ்வுழவு நன்கு அமையவில்லை என்பதை அன்று அறிந்தோமில்லை. அந்நிலத்தின் வடபால் ஒரு வேப்பமரத்திற் கிளிகள் கூடுவது வழக்கமாதலால், ஒரு சிறுவனுக்குக் கூலி பேசித் தகரத்தைத் தட்டி அவற்றை ஓட்டுமாறு ஏற்பாடு செய்துவிட்டு நகரத்துக்கு மீண்டோம். ஏழாம் நாட் காலையிற் சென்று பார்த்தபோது, நிலத்திற் பாதிக்கு மேல் வெறுந்தரையாயிருந்தது. எஞ்சிய இடத்திலும் பல முளைகள் தலையின்றி, குண்டூசியை நட்டு வைத்தாற்போல நின்றன. கிளி ஒன்றும் அங்கே இல்லை. முளைத்து இருபது நாளாகாத உளுந்தில் கிளிக்கு என்ன வேலை? பக்கத்துப் புஞ்சைக்காரப் பெரியவர் வரப்பில் நின்று சொன்னது இன்றும் எம் செவியில் உள்ளது: "வாத்தியாரய்யா, மேலே பார்த்துக் காவல் வைத்தீர்கள், கள்ளன் கீழே அல்லவா நடந்து போனான்?"

மறுபடியும் விதை வாங்கித் தெளித்தோம். முதல் மழையின் ஈரம் கழிந்துவிட்டமையால் இரண்டாம் விதைப்புப் பூக்கும் பருவத்தில் வாடிற்று. எமக்கு மாதச் சம்பளம் உண்டு. ஆதலின் அவ்விழப்பு ஒரு பாடமாக முடிந்தது. அப்பெரியவர்போல் அந்நிலமே வாழ்வாக உடையார்க்கு அது ஓராண்டுக் கடனாக முடியும். மானாவாரி வேளாண்மையில் விதைக்கு ஏற்ற ஈரம் ஒரு முறைதான் வருகின்றது. அந்த ஒரு முறையைப் புறா கொண்டுபோயிற்றென்றால், பின்பு எவ்வளவு காவலிட்டும் பயனில்லை. இக்கல்லூரியிற் பயின்று இன்று ஊரில் நிலம் பார்த்துவரும் பழைய மாணவர் பலர் இதனை எம்மினும் நன்கு அறிவர். அவர்க்கும், இனி அறியப்போகும் மாணவர்க்கும் பயன்படுமென்று, யாம் அதன்பின் கண்டும் கற்றும் அறிந்தவற்றை ஈண்டு எழுதுகின்றோம்.

நம் வயல்களுக்கு வரும் புறவினம் ஒன்றன்று. கோயிற் கோபுரத்திலும் பழங்கிணற்றின் பொந்திலும் வாழ்ந்து, நூறும் இருநூறுமாகக் கூடி இறங்குவது மாடப்புறா. நகரங்களிற் கட்டடந்தோறும் காண்பதும் இதன் வழியே. பின்கழுத்திற் கரும்பட்டையும் சாம்பல் மேனியும் உடையது கள்ளிப்புறா. கழுத்தில் வெண்புள்ளிகள் நிரம்பப் பெற்றது புள்ளிப்புறா. இவை யாவற்றினுஞ் சிறியதாய், தவிட்டு நிறமாய், வேலியோரத்தில் இணையாக மேய்வது தவிட்டுப்புறா. பின்னைய மூன்றும் பெரும்பாலும் சிறு தொகையாக வருவன. உதிர்ந்த தானியத்தையும் களைவிதையையுமே மிகுதியும் பொறுக்குவன. இவற்றால் விளையுங் கேடு பெரிதன்று. எம் நிலத்தைத் துடைத்தது மாடப்புறாவே. அதனையே இக்கட்டுரையில் முதன்மையாகக் கொள்வோம்.

இப்பறவையின் உடலமைப்பையும் ஒழுக்கத்தையும் அறியாமற் காவல் செய்தல், கதவு எதுவென்றறியாமற் பூட்டு வாங்குவதை ஒக்கும். கிளிக்கு வளைந்த அலகும், கிளையைப் பற்றி ஏறும் கால்விரலும் உண்டு. அது கதிரின்மேல் அமர்ந்து, உண்பதினும் மிகுதியாகக் கடித்துச் சிதைக்கும். புறாவின் அலகு மெலிது; கடித்துடைக்கும் வலி அதற்கு இல்லை. கண்ணிற் பட்ட விதையை முழுதாக விழுங்கும். விழுங்கிய விதை தொண்டையின்கீழ் உள்ள கண்டப்பையிற் சேர்ந்து, பின்பு சிறுகற்கள் நிறைந்த அரைவைப் பையில் அரைபடும். அதனால் அது நின்று மென்று உண்ணவேண்டுவதில்லை. சிறிது நேரத்திற் கண்டப்பையை நிரப்பிக்கொண்டு பறந்துபோய், மரத்திலோ கூரையிலோ இருந்து செரித்துக்கொள்ளும். நாம் காவலுக்கு வருவதற்குள் களவு முடிந்துவிடுவது இதனாலேதான். நாளொன்றுக்கு அது உண்பது தன் நிறையிற் பத்தில் ஒரு பங்களவு எனலாம். ஒன்றுக்கு அது சிறிது. இருநூற்றுக்கு அது ஒரு மரக்கால் விதையினும் மிகும்.

மற்றொரு செய்தி இதனினும் முதன்மையானது. கோழி காலாற் சீய்த்து மண்ணைக் கிளறும். புறா அங்ஙனம் சீய்ப்பதில்லை. அலகால் மேல்மண்ணைச் சிறிது விலக்கிப் பார்க்கும்; அவ்வளவே. எனவே, கண்ணுக்குத் தெரியும் விதைதான் அதற்கு இரை. ஈரமண்ணில் இரண்டு விரற்கடை ஆழத்திற் சென்ற விதை பெரும்பாலும் தப்பிவிடும். எம் எட்டுக் கிலோ உளுந்திற் பெரும்பகுதி மண்ணின்மேல் கருமணிகளாகக் கிடந்ததை எண்ணும்போது, குற்றத்திற் பாதி எமதே என்று ஒப்புக்கொள்ளவேண்டியதாயிற்று.

மறைந்து கிடந்த விதையும் ஒரு நாள் வெளிப்படுகின்றதே எனின், அது உண்மை. உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு, நிலக்கடலை ஆகியவை முளைக்கும்போது தம் வித்திலைகளை மண்ணின்மேல் உயர்த்தும் இயல்பின. பருத்த அவ்வித்திலைகள் புறாவுக்கு விதையைப்போலவே இனியவை. அவற்றைக் கொத்திச் செல்லுங்கால் முளையின் குருத்தும் உடன் போகின்றது. துவரையும் கடலைப்பருப்பு விளையும் கொண்டைக்கடலையும் அங்ஙனமல்ல. அவை வித்திலைகளை மண்ணுள்ளேயே வைத்துக்கொண்டு குருத்தை மாத்திரம் மேலே அனுப்புவன. ஆதலின் அவற்றுக்கு இவ்விடர் குறைவு. துவரைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் புறாவோடு சேர்ந்தது என்பதை இங்கே நினைவுகூரலாம். மேலை இந்தியத் தீவுகளுள் ஒன்றாகிய பார்படோசில் அதனைப் புறாக்களுக்கு இரையாக இட்டு வந்தமையால் அப்பெயர் எழுந்தது. முற்றிய பருப்பைப் புறா விரும்பும், முளையை எட்டமாட்டாது. இதுவே வேறுபாடு.

எனவே, உளுந்துக்கும் பயற்றுக்கும் உண்மையான ஆபத்துக் காலம் விதைத்த நாள்முதல் வித்திலை வாடி உண்மை இலைகள் விரியும் வரையுள்ள பத்துப் பன்னிரண்டு நாட்களே. ஆண்டு முழுவதுங் காக்கவேண்டுவதில்லை. இஃது உணர்ந்தார்க்குச் செலவிற் பெரும்பகுதி குறையும்.

தஞ்சை, திருவாரூர், நாகைப் பகுதிகளில் நெல்லறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாட்களுக்கு முன்பே, வயல் மெழுகு பதத்தில் இருக்கும்போது, நிற்கும் நெற்பயிரினூடே உளுந்தையும் பயற்றையும் தெளிக்கும் முறை உண்டு. ஈரத்தை வீணாக்காமற் பயன்கொள்ளுதற்கே அம்முறை தோன்றியது என்பர். எமக்கு வேறொன்றும் தோன்றுகின்றது. அங்கே விதை மூடப்படுவதில்லை, மண்மேல்தான் கிடக்கின்றது. எனினும் அடர்ந்த நெற்றாளின் இடையே கூட்டமாக இறங்கி நடத்தற்குப் புறாவுக்கு இடமில்லை. சுற்றிலும் என்ன வருகின்றது என்று பார்த்தற்கும் வழியில்லை. பார்வை மறையும் இடத்தில் இறங்க அது மிகவும் அஞ்சும். நெற்பயிரே அவ்விதைக்குக் கூரையாகின்றது. முன்னோர் இதனைக் கருதிச் செய்தனரோ அறியோம். ஆயினும் பயன் கிடைத்து வருகின்றது.

நிற்க. புறாவைக் கண்ட அளவில் துப்பாக்கியை நினைப்பார் உலகெங்கும் உளர். அவர்க்கு விடையாக மூன்று நாடுகளின் செய்திகளைச் சொல்லவேண்டும்.

பிரான்சு தேயத்திற் புறாக்கோபுரம் வைத்தல் நெடுங்காலம் நிலப்பிரபுக்களின் தனியுரிமையாக இருந்தது. கோபுரத்திற் பிரபுவின் புறாக்கள் ஆயிரக்கணக்கிற் பெருகின. அவை மேய்ந்தது பிரபுவின் நிலத்தில் மட்டுமன்று. ஏழைக் குடியானவன் விதைத்த கோதுமையை அவை பொறுக்கும்போது, அவன் கைகட்டி நின்று பார்க்கவேண்டும், கொன்றாற் குற்றம். 1789 ஆகஸ்டு 4ஆம் நாள் இரவில் அந்நாட்டுத் தேசிய மன்றம் பழைய தனியுரிமைகளை ஒழிக்கத் துணிந்தது. அடுத்த சில நாட்களில் எழுதப்பெற்ற ஆணையின் இரண்டாம் பிரிவே புறாக்கோபுரங்களைப் பற்றியது. அத்தனியுரிமை ஒழிந்தது. ஊரார் குறிக்கும் காலத்திற் புறாக்களை அடைத்து வைக்கவேண்டும்; அக்காலத்தில் வெளியே வந்தவற்றைத் தன் நிலத்தில் எவனும் கொல்லலாம் என்பது விதி. ஒரு பெரும்புரட்சியின் முதல் ஆணையிற் புறாவுக்கு இடங் கிடைத்தது வேடிக்கையன்று. விதையை இழந்தவன் சினம் அது. அவ்வாணையிற் கவனிக்கத்தக்கது 'ஊரார் குறிக்கும் காலம்' என்பதே. ஆபத்து ஆண்டு முழுவதுமன்று, சில நாட்களே என்பதை அவரும் அறிந்திருந்தனர்.

இங்கிலாந்தில் இடர் செய்வது நம் மாடப்புறா அன்று. அதனினும் பருத்த காட்டுப்புறா. குளிர்காலத்தில் அது பசுந்தழையை உண்ணும். பட்டாணியையும் கோசு இனங்களையும் கெடுக்கும். இரண்டாம் உலகப்போரின் பின்னர் அவ்வரசாங்கம் புறா சுடுவார்க்குத் தோட்டாவின் விலையில் ஒரு பகுதியைத் தானே கொடுத்து வந்தது. அக்காலத்தில் மர்ட்டன் என்னும் உயிரியலறிஞர் கேம்பிரிட்சு வட்டாரத்திலுள்ள கார்ல்ட்டன் என்னும் சிற்றூரைச் சுற்றிப் பல்லாண்டுகள் புறாக்களை எண்ணினார். அவை மேய்ந்த கிராம்புப்புல்லின் இலைகளையும் எண்ணினார். அவர் கண்டது இது: பனிக்காலத்தின் இறுதியில் எவ்வளவு தழை எஞ்சியுள்ளதோ அவ்வளவு புறாவே எஞ்சுகின்றது. சுட்டதனால் இறந்தவை, சுடாவிடினும் பசியால் இறந்திருக்கும். சுட்டமையால் மற்றவைக்கு இரை சிறிது மிகுந்தது, தொகை குறையவில்லை. அவர் எழுதிய காட்டுப்புறாவைப் பற்றிய நூல் 1965இல் வெளிவந்தது. தோட்டாவுக்குக் கொடுத்த உதவியும் அப்பத்தாண்டிலேயே நின்றது. பின்பு 1970களில் அந்நாட்டார் கடுகின் உறவாகிய எண்ணெய்ப் பயிர் ஒன்றைப் பரப்பினர். குளிர்காலம் முழுதும் பசுமையாய் நிற்கும் அப்பயிர், இரையற்ற காலத்தில் இரையாயிற்று. காட்டுப்புறாவின் தொகை ஏறிற்று. இன்று ஏறக்குறைய 50 இலட்சம் இணைகள் அங்கே உள்ளன. துப்பாக்கி குறைக்க முடியாத தொகையை ஒரு பயிர் பெருக்கிவிட்டது.

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் நிகழ்ந்ததும் இதற்கு ஒத்தது. அங்கே 1961 முதல் 1985 வரை ஏறக்குறைய ஓர் இலட்சம் நகரப் புறாக்கள் கொல்லப்பட்டும் தொகை குறையவில்லை. 1988இல் மக்கள் இரை இடுவதைக் குறைக்குமாறு வேண்டிப் பெருமுயற்சி செய்தனர்; நான்கு ஆண்டுகளிற் கூட்டங்கள் பாதியாயின.

இங்கே ஒரு நண்பர் எம்மை மடக்கினார். "அங்ஙனமாயின், அமெரிக்காவில் வானத்தை மறைத்துப் பறந்த பயணப்புறா துப்பாக்கியால் அன்றோ அழிந்தது? 1914 செப்டம்பர் 1ஆம் நாள் சின்சினாட்டி விலங்குக்காட்சிச் சாலையில் இறந்த மார்த்தா என்னும் புறாவே அவ்வினத்தின் கடைசி என்று நீரே வகுப்பிற் கூறினீரே!" என்றார். வினா நேரியதே. பயணப்புறா ஒரு கூட்டில் ஒரே முட்டை இடுவது. அது காட்டு மரங்களிற் பெருங்கூட்டமாகக் கூடு கட்டும்போது, வேட்டைக்காரர் இரயிலேறி அங்கேயே சென்று, தாயையும் குஞ்சையும் ஒருசேர ஆண்டுதோறும் அழித்தனர்; காடும் வெட்டப்பட்டது. நம் மாடப்புறாவோ இரண்டு முட்டை இடும். பதினெட்டு நாளளவிற் குஞ்சு பொரிக்கும். ஒரு மாதத்திற் குஞ்சு பறந்துவிடும். உடனே அடுத்த ஈடு. ஏனைய சிறுபறவைகள் தம் குஞ்சுக்குப் புழுவையும் பூச்சியையும் தேடவேண்டியிருப்பதால், அவை கிடைக்கும் பருவத்திலேயே இனம் பெருக்கும். புறாவுக்கு அக்கட்டில்லை. ஆணும் பெண்ணும் ஆகிய இரண்டும் தம் கண்டப்பையிற் சுரக்கும் பால் போன்ற பொருளையே குஞ்சுக்கு ஊட்டுவன. தானியம் உள்ளவரை எந்த மாதமும் அதற்குப் பருவமே. இத்தகைய இனத்தில் ஐம்பதைச் சுடுவது கிணற்றிற் பத்துக்குடம் இறைப்பது போலும், ஊற்று அடைக்கப்படவில்லை. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் பெரும்பான்மையான பறவைகளுக்கு அரணாக நிற்பதையும் நினைத்தல் வேண்டும்.

நஞ்சைப் பற்றி எழுத விருப்பமில்லை. எழுதாமல் விடுதற்கும் இயலவில்லை. முதல் விதைப்பு அழிந்த அன்று மாலை, பூச்சிமருந்தில் ஊறவைத்த சோளத்தைத் தூவினால் ஒரே நாளில் முடியும் என்று ஒருவர் கூறினார். யாமும் அதனைச் சிறிது நேரம் எண்ணினோம் என்பதை மறைத்தற்கில்லை. அடுத்த ஆண்டு, எம்மூரின் வேறொரு பக்கத்தில் எவரோ அதனைச் செய்தனர். புறா நான்கைந்து விழுந்தன. மற்றவை இடம் மாறின. மறுநாள் வரப்போரத்தில் மைனாக்கள் கிடந்தன. அயலிற் குடியிருந்த விதவை ஒருத்தியின் கோழிகள் ஏழும் மாண்டன. அவள் அவற்றின் முட்டையை விற்றுத்தான் தன் பேரனுக்கு நோட்டுப் புத்தகம் வாங்கி வந்தாள். அச்சோளத்தைக் கையில் எடுத்து விளையாடிய சிறுவர்க்கு யாதும் நேராதது எவர் செய்த தவமோ! தூவினவர் யார் என்று ஊர் அறியும், ஒருவரும் கேட்கவில்லை.

இனி, அச்சுறுத்தி ஓட்டும் வழிகளைப் பார்ப்போம். சோளக்கொல்லைப் பொம்மை மூன்று நாள் வேலை செய்யும். நான்காம் நாள் அதன் தலையிற் காக்கை இருக்கும். இது பொம்மையின் குற்றமன்று. அசையாத எதனையும் பறவை விரைவிற் கணக்கிட்டுவிடுகின்றது. நாள்தோறும் இடம் மாற்றி, அதற்கு உடுத்திய சட்டையையே காவற்காரனும் உடுத்து இடையிடையே அவ்விடத்தில் நின்று எழுந்து ஓட்டினால், பொம்மைக்கு மறுபடி உயிர் வரும். கரிசல் நிலத்தார் பழைய ஒலிநாடாக்களைக் கம்புக்குக் கம்பு இழுத்துக் கட்டுவதை யாவரும் கண்டிருப்பர். இதனையொத்து, ஒருபுறம் சிவப்பும் மறுபுறம் வெள்ளிநிறமும் உடைய மினுமினுப்பு நாடாவை 1980களில் இந்தியாவிலும் வங்கதேசத்திலும் பிலிப்பைன்சிலும் சோதித்துள்ளனர். சிறிது முறுக்கிக் கட்டினால் அது வெயிலில் மின்னும், காற்றில் இரையும். காற்றில்லா நாளிற் பேசாது. விதைப்பின் பத்து நாளுக்கோ கதிர் முற்றும் இரண்டு வாரத்துக்கோ பயன்படுவதேயன்றி, மாதக்கணக்கில் விட்டுவைத்தால் அதுவும் வீட்டுத்தோரணம் ஆகிவிடும்.

வெடியோசையும் அத்தகையதே. மேல்நாட்டில் எரிவாயுப் பீரங்கி வைப்பர். ஓரிடத்திலேயே ஒரே இடைவெளியில் வெடிப்பதைப் புறா சில நாளிற் பழகிக்கொள்கின்றது. நம் நாட்டில் இதற்கு மாற்றாகப் பிளாஸ்டிக் குழாயிற் கால்சியம் கார்பைடும் நீரும் இட்டு வெடிக்கும் துப்பாக்கி பரவிற்று. குரங்கையும் பறவையையும் விரட்டவே அது வயலுக்கு வந்தது. பின்பு பிள்ளைகள் கைக்கு விளையாட்டுப்பொருளாய்ப் போயிற்று. 2025ஆம் ஆண்டுத் தீபாவளியில் மத்தியப் பிரதேசத்திற் சிறுவர் பலர் அதனாற் கண்ணிற் காயமுற்று மருத்துவமனை சேர்ந்தனர். சிலர் பார்வை இழந்தனர். வெடிக்கவில்லையே என்று குழாயினுள் எட்டிப் பார்க்கும் கணத்திலேயே அது வெடிக்கின்றது. நம் மாணவர் எவர் வீட்டிலேனும் அக்குழாய் இருக்குமாயின் அதனை உடைத்தெறிதல் நலம்.

பறவையின் கூட்டவொழுக்கத்தைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி எமக்கு இவையெல்லாவற்றினும் பயன்பட்டது. கென்வர்டு என்பார் பழக்கிய வேட்டைப்பறவை ஒன்றைக் காட்டுப்புறாக்கள்மேல் ஏவி, 1978இல் அதன் முடிவை வெளியிட்டார். தனித்த புறாவைத் தாக்கியபோது பத்தில் எட்டு முறையளவு வேட்டை வாய்த்தது. ஐம்பதுக்கு மேற்பட்ட கூட்டத்தைத் தாக்கியபோது பத்தில் ஒருமுறை வாய்ப்பதும் அரிதாயிற்று. கண்கள் பலவாதலால் பகை வருவதைக் கூட்டம் தொலைவிலேயே கண்டுவிடுகின்றது. இதனாற் போதருவது யாது? தனிப்புறா அச்சமுடையது, இறங்கிய கூட்டம் துணிவுடையது. மேலே பறந்து செல்லும் புறாக்கள், கீழே தம்மினம் மேய்வதைக் கண்டே அவ்விடம் நல்லதென்று இறங்குகின்றன. முதலில் இறங்கும் நான்கைந்தைக் கடிந்துவிட்டாற் பின்வரும் நாற்பதும் வாரா. நாற்பதும் இறங்கிய பின்னர் ஓட்டினாலோ, அடுத்த வரப்பிற் போய் அமர்ந்து, ஓட்டியவன் திரும்பும் வழியைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

அப்பெரியவர் இவ்வாராய்ச்சியைக் கேள்வியுற்றவரல்லர். எனினும் அவர் விதைத்த முதல் வாரம் பொழுது புலருமுன்பே வயலுக்கு வந்துவிடுவார். வெயிலேறியதும் வீட்டுக்குப் போய்விடுவார். மாலை மூன்றுமணிக்கு மேல் மறுபடி வருவார். "உச்சிவெயிலில் அதுவும் நிழலில்தான் கிடக்கும், நான் மட்டும் ஏன் காயவேண்டும்?" என்பார். நாள் முழுவதும் தகரந் தட்டிய எம் சிறுவனினும் அவருடைய நான்கைந்து மணிநேரமே பயன்பட்டது.

அவரிடம் கற்று, அடுத்த ஆண்டுமுதல் யாம் செய்துவருவதைச் சொல்லுகின்றோம். கைத்தெளிப்பை விட்டு, கொழுவின்பின் வரிசையாக விதை விழுமாறு செய்து, பலகையிட்டு மண்ணை மூடி இறுக்குகின்றோம். வரப்போரத்திலும் உழவு திரும்பும் மூலையிலும் சிந்திய விதையைப் பொறுக்கி எடுக்கச் சொல்லுகின்றோம். புறாவை முதலில் அழைப்பது அச்சிந்தலே. விதைநேர்த்திக்குப் பயன்படுத்தும் திரம் என்னும் பூஞ்சைமருந்து பறவைகளுக்குச் சுவையற்றதென்பது அறியப்பட்ட செய்தி. ஆயினும் மருந்திட்ட விதையை மண்மேற் கிடக்க விடுதல் கூடாது. மூன்றாவது, தனித்து விதைப்பதில்லை. ஊரில் ஒருவர் மட்டும் நான்கு நாள் முந்தி விதைத்தால் ஊர்ப்புறா அனைத்தும் அவர் விருந்தாளிகள். ஒருவர் பிந்தினாலும் அப்படியே. சுற்றுப்புறத்தார் இரண்டொரு நாளுக்குள் விதைத்து முடித்தாற் கேடு யாவர்க்கும் பகிர்ந்து சிறிதாகின்றது, காவலும் பகிரப்படுகின்றது. இதற்கு மழையைவிட மனிதரை ஒன்றுசேர்த்தலே கடினம் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை. எம் பகுதியில் மூன்று ஆண்டுகளில் இரண்டு முறை கூடிற்று. ஒருமுறை பழைய வரப்புவழக்கு ஒன்று குறுக்கே வந்து கெடுத்தது.

நாற்றங்காலுக்கும் காய்கறிப் பாத்திக்கும் வலை போடுவார் போடலாம். வலையைத் தளரவிடாமல் இழுத்துக் கட்டி, காலையும் மாலையும் பார்த்தல் வேண்டும். மெல்லிய நைலான் இழையிற் காலைச் சிக்கவைத்துக்கொண்டு நாள் முழுவதும் துடிக்கும் பறவையைக் கண்டவர், அவ்வாறு வலை கட்டார். களத்தில் உதிர்ந்த தானியத்தைக் கூட்டி அள்ளுதலும் காவலின் ஒரு பகுதியே. தையில் களத்தில் தின்ற கூட்டமே ஆடியிலும் புரட்டாசியிலும் விதைக்கு வருகின்றது.

எஞ்சியது கிணறு. எம் நிலத்தின் கீழ்ப்பால் தூர்ந்துபோன பழங்கிணறு ஒன்று உண்டு. அதன் உட்சுவரிற் கல் பெயர்ந்த பொந்துகளில் மாடப்புறாக்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தன. கள்வனுக்கு நிலத்தின் நடுவிலேயே இல்லங் கொடுத்துவிட்டுக் காவலைப் பற்றி ஆராய்ச்சி செய்தோம்! பொந்துகளைச் செங்கலால் அடைத்துவிட எண்ணி ஆவணியில் ஆள் இறக்கினோம். பதினொரு பொந்துகளில் நான்கில் முட்டையும், இரண்டிற் குஞ்சும் இருந்தன. குஞ்சுகள் இறகு முளைத்தும் முளையாமலும் மஞ்சள் மயிரோடு இருந்தன. கயிற்றில் இறங்கிய ஆள் மேலே பார்த்து, "அடைக்கவா, ஐயா?" என்றான். விதைப்புக்கு ஒரு மாதமே இருந்தது. பெரியவர் கிணற்றுக்கட்டில் உட்கார்ந்து ஒன்றும் சொல்லாதிருந்தார். வெற்றுப் பொந்துகள் ஐந்தை அன்றே அடைத்தோம். ஏனையவற்றைக் குஞ்சு பறந்த முறையே ஒவ்வொன்றாக அடைத்து, ஐப்பசி முதல் வாரத்தில் முடித்தோம். அவ்வாண்டு விதைப்புக் காலத்திற் காலையில் இருவர் காவல் நின்றோம்.